டாக்டராகட்டும் என்று நினைத்தேன், கல்வெட்டு வாசிக்கிறான்

வணக்கம் அம்மா.

மகனை டாக்டராக்க நீங்கள் ஆசைப்படுகிறீர்கள், அவனுக்கோ கல்வெட்டில்தான் மனம், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தோடு அவன் நோட்டிலிருந்து 4 பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். "நீட் கோச்சிங்குக்குப் படிக்கிற நேரத்தில் இதைத்தான் செய்கிறான், நீங்களே பாருங்கள்" என்று கூடவே ஒரு வரி. பார்த்தேன். தாராசுரம் கோயிலில் நாயன்மார் சிற்பங்களோடு பொறித்திருக்கும் பெயர்களைப் பென்சிலால் அப்படியே வரைந்து, எதிரே இன்றைய எழுத்தில் தன் வாசிப்பை எழுதியிருக்கிறான். மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்தைச் சுற்றி வட்டம். பக்கத்தில் "ர-வா, காலா?" என்று கேள்வி. அதற்குக் கீழே வேறு மையில், "கால்தான். திரும்பப் போய்ப் பார்த்தேன்." நான்காம் பக்கத்தில் இன்னொரு வட்டம் இருக்கிறது. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

பழைய கல்வெட்டிலும் ஓலையிலும் ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்பதைச் சொல்லின் போக்கை வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும். இதைப் பையன் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கும்பகோணத்திலிருந்து தாராசுரம் பக்கம்தான். ஆனாலும் ஓர் எழுத்துச் சந்தேகத்துக்காக மறுபடி சைக்கிள் மிதித்துப் போகிற 17 வயதுப் பிள்ளைகள் அதிகம் இல்லை அம்மா. 20 வருஷமாக மாணவர்களோடு பேசி வருகிறேன். ஆர்வம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு அந்தத் துறையின் பெயர் பிடித்திருக்கும், அதன் வேலை பிடித்திருக்காது. உங்கள் பிள்ளைக்கு வேலை பிடித்திருக்கிறது.

உங்கள் பக்கத்தையும் நான் விட்டுவிடவில்லை. 22 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். "டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றே என் காலம் போயிற்று, என் பிள்ளையாவது அதில் உட்காரட்டும்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்குப் பிறகு கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். அவன் அப்பா பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால் மகனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்கிறீர்கள். மூன்று மாதமாக வீடு இப்படி இருக்கிறதென்றால், இரண்டு வரியில் பதில் எழுதுவது நியாயமாகாது.

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் ஆசை, உங்கள் மகன் ஆசை இரண்டும் அவர் ஒருவரிடமே இருந்தன.

ழான் ஃபிலியோசா. 1906 நவம்பரில் பாரிஸில் பிறந்தவர். மருத்துவம் படித்துக் கண் மருத்துவரானார். 1930 முதல் 1947 வரை 17 வருஷம் வைத்தியம் பார்த்தார். அதே வருஷங்களில் சமஸ்கிருதம், பாலி, திபெத்திய மொழி, தமிழ் ஆகியவற்றைக் கற்றுத் தேறினார். அன்றைய பாரிஸில் இந்தியவியலின் பெரிய ஆசிரியர்கள் சில்வேன் லெவியும், திராவிட மொழிகளின் அமைப்பை ஆராய்ந்த ழூல் ப்ளோக்கும். இருவரிடமும் பாடம் கேட்டார். அங்கே எக்கோல் பிராத்திக் என்று ஓர் உயர் ஆய்வுப் பள்ளி உண்டு, 1868-ல் தொடங்கியது. உள்ளே வர அன்று முன்பட்டம் கேட்டதில்லை. மூலநூலை மேசைமேல் வைத்துக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் வரிவரியாக வாசிப்பதுதான் அங்கே பாடம். தொழிலில் இருக்கிற ஒரு மருத்துவர் போய் உட்கார அப்படி ஒரு பெஞ்சு இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். பிற்பாடு அதே பள்ளியில் அவரே ஆய்வு நெறியாளராகவும் ஆனார்.

அவர் எதை வாசித்தார் என்பதுதான் உங்களுக்குச் சொல்லவேண்டிய பகுதி. 1937-ல் வந்த அவருடைய ஆய்வு 'இராவணனின் குமாரதந்திரம்' என்ற சிறிய சமஸ்கிருத நூலைப் பற்றியது. குழந்தைகளைப் பீடிக்கும் 12 தாய்த் தெய்வங்களைச் சொல்லும் நூல் அது. பிறந்த முதல் நாளில், முதல் மாதத்தில், அல்லது முதல் வருஷத்தில் பிடிப்பவள் நந்தனா. அவள் பிடித்தால் என்ன ஆகும்? முதலில் காய்ச்சல் வரும், குழந்தை ஒரு மாதிரியாக வீறிடும், தாய்ப்பால் குடிக்காது. பரிகாரமாக ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் மண் எடுத்துப் பொம்மை செய்து, வெள்ளைச் சோறு, வெள்ளைப் பூ, 7 விளக்கு வைக்கச் சொல்கிறது. இப்படியே இரண்டாவது, மூன்றாவது என்று பன்னிரண்டு வரை போகும்.

இந்த வரிகளை வெறும் மொழி அறிஞர் வாசித்தால் மந்திரம், சடங்கு, தெய்வப் பெயர் என்று பிரித்து வைப்பார். வார்டில் நின்ற நீங்கள் வாசித்தால் என்ன தோன்றும்? காய்ச்சல், அடங்காத அழுகை, பால் குடிக்க மறுப்பு. பச்சிளம் குழந்தையிடம் இந்த மூன்றும் சேர்ந்தால் நீங்கள் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடுவீர்கள். ஃபிலியோசா இரண்டு கண்ணோடும் வாசித்தார். பிறகு இதே பட்டியல் வேறெங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடினார். திபெத்திய, சீன, கம்போடிய, அரபு நூல்களில் இதற்கு இணையான பகுதிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற ஒரு தாயின் பயம் ஆசியா முழுக்க நடந்து போன பாதையை ஒரு மருத்துவர் எழுத்தெழுத்தாகத் தொடர்ந்திருக்கிறார். அவர் எழுதியவற்றில் எனக்கு நெருக்கமானது இதுதான்.

பாரிஸ் தேசிய நூலகத்தில் ஆயுர்வேதச் சுவடித் தொகுதி ஒன்று இருந்தது. பால்மிர் கோர்தியே என்ற பிரெஞ்சுக் காலனிப் படை மருத்துவர் இந்தியாவில் இருந்தபோது சேர்த்தது. அதற்குப் பட்டியல் போட்டவரும் ஃபிலியோசாதான். நடு ஆசியாவின் கூச்சா பகுதியில் ஒருகாலத்தில் பேசி, பின்பு வழக்கொழிந்த ஒரு மொழியில் கிடைத்த மருத்துவத் துண்டுச் சுவடிகளை 1948-ல் பதிப்பித்தார். அடுத்த வருஷம் அவருடைய முக்கியமான நூல் வந்தது, இந்திய மருத்துவத்தின் செவ்வியல் கோட்பாட்டைப் பற்றி. உடம்பில் ஓடும் வாயு, பிராணன் என்ற எண்ணம் வேதகாலத்திலிருந்து எப்படி வளர்ந்து வாதம், பித்தம், கபம் என்று நிலைபெற்றது என்பதை அதில் காட்டினார். கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸின் மரபினர் காற்றைப் பற்றி எழுதியதையும், பிளேட்டோ நோய்களுக்குச் சொன்ன காரணங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இந்தியா இதைக் கிரேக்கரிடம் கடன் வாங்கவில்லை, இரண்டு நாட்டுக்கும் நடுவே பரவியிருந்த பாரசீகப் பேரரசின் வழியாகக் கருத்துகள் போய்வந்திருக்கலாம் என்பது அவர் வாதம். அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே கிரேக்கம், சமஸ்கிருதம், மருத்துவம் மூன்றும் ஒரே தலைக்குள் இருக்கவேண்டியிருந்தது.

1952-ல் காலேஜ் து ஃபிரான்ஸ் அவரைப் பேராசிரியராக்கியது. பிரான்ஸில் ஓர் அறிஞருக்கு அதற்கு மேல் இருக்கை கிடையாது. வயது 45.

இனி நம் ஊர்ப்பக்கம் வருகிறேன். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1955 மார்ச் 21-ல் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. தொடங்கியவர் ஃபிலியோசா. அதன் முதல் வெளியீடு எது தெரியுமா? காரைக்கால் அம்மையார் பாடல்கள், பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு, 1956-ல். மொழிபெயர்த்தவர் காரவேலன், முன்னுரை எழுதியவர் ஃபிலியோசா. திருப்பாவையை அவரே மொழிபெயர்த்து 1972-ல் வெளியிட்டார், திருமுருகாற்றுப்படையை 1973-ல். 1964-ல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானபோது அதன் தலைவராக இருந்தவரும் அவரே. மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு 1970-ல் பாரிஸில் கூடியதற்குப் பின்னால் இந்த உறவெல்லாம் இருக்கிறது.

அந்த நிறுவனத்தில் நடந்த ஒரு வேலையை உங்கள் மகன் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். சிவன் கோயில் வழிபாட்டு முறைகளைச் சொல்லும் சைவ ஆகமச் சுவடிகள் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் குருக்கள் வீடுகளிலும் பரண்மேல் கிடந்து அரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றைத் தேடிச் சேர்க்கும் பணியை ஃபிலியோசா ஏற்பாடு செய்தார். என்.ஆர். பட் என்ற பண்டிதர் அதை முன்னின்று நடத்தினார். ஊர் ஊராகப் போனார்கள். கொடுத்தவர்களிடம் வாங்கிக்கொண்டார்கள், கொடுக்க மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கிப் பிரதி எடுத்தார்கள். புதுச்சேரியில் இன்று பாதுகாப்பாக இருக்கும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மொழி பெரும்பாலும் சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம், அதாவது தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்து. கிரந்தம் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று மிகவும் குறைவு. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். தாராசுரத்தில் வட்டம் போட்டுவிட்டு வந்த கைக்குக் கிரந்தம் பிடிபட ரொம்ப நாளாகாது.

இதை வாசிக்கும்போது உங்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிக்கிறேன். "அப்படியென்றால் முதலில் டாக்டராகட்டும், பிறகு கல்வெட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்." ஃபிலியோசா வாழ்க்கையை அந்த வாதத்துக்குச் சாட்சியாக வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பல வருஷம் முன்பு ஒரு பெண்ணிடம் நானே அப்படிச் சொன்னேன். "முதலில் இன்ஜினியரிங் முடித்துவிடு, அப்புறம் தமிழ் படிக்கலாம்." கேட்டாள். முடித்தாள், வேலைக்குப் போனாள், வீட்டுக் கடனை அடைத்தாள், கல்யாணம் ஆயிற்று. 31 வயதில் வந்து, "சார், நீங்க சொன்ன அந்த அப்புறம் வரவே இல்லை" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். அதிலிருந்து 'அப்புறம்' என்ற வார்த்தையை யாரிடமும் லேசாகச் சொல்வதில்லை.

ஃபிலியோசா மருத்துவத்தை யாருக்காகவும் சகித்துக்கொண்டவர் அல்ல. அந்தத் தொழிலை விட்டபின்பும் அவர் மருத்துவத்தைப் பற்றி எழுதினாரே. அவருக்கு அது உள்ளே ஊறியிருந்தது. உங்கள் மகனுக்கு உயிரியல் எப்படி? மதிப்பெண்ணைக் கேட்கவில்லை, 92 என்று எழுதியிருக்கிறீர்கள். பாடத்தைத் தாண்டி ஒரு நோயைப் பற்றி, உடம்பைப் பற்றி உங்களிடம் கேட்டிருக்கிறானா? ராத்திரி ட்யூட்டி முடிந்து வந்து நீங்கள் ஒரு கேஸைப் பற்றிப் பேசினால் உட்கார்ந்து கேட்பானா? அதை யோசித்துப் பாருங்கள். கேட்பான் என்றால் மருத்துவம் அவனுக்கு அந்நியமில்லை. அப்போது வேறொரு கதவும் இருக்கிறது: சித்த மருத்துவம். நீட் எழுதித்தான் போகவேண்டும், பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருஷம். சித்த மருத்துவ ஓலைகள் தஞ்சை சரஸ்வதி மகாலிலும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் நிறைய இருக்கின்றன. மருந்தும் தெரிந்து ஓலையும் வாசிக்கிற ஆளுக்கு அங்கே ஆயுசுக்கும் வேலை இருக்கிறது. பையனுக்குத் தெரியாமல் அவனை மருத்துவத்துக்குள் தள்ளும் உபாயமாக மட்டும் இதை நினைக்கவேண்டாம். 17 வயதுப் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கேட்கமாட்டான் என்றால், வரலாறோ தமிழோ படிக்கட்டும். கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியிலேயே சேரலாம். உ.வே.சா. தமிழ் கற்பித்த கல்லூரி அது, வீட்டுச் சாப்பாடு, கட்டணமும் குறைவு. பி.ஏ. படிக்கும் மூன்று வருஷத்தில் கிரந்தமும் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தும் சமஸ்கிருத அடிப்படையும் வந்துவிடவேண்டும். முதுகலைக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை, புனேயில் டெக்கான் கல்லூரி. மாநிலத் தொல்லியல் துறையே முதுகலை முடித்தவர்களுக்கு நுழைவுத்தேர்வு வைத்து 2 வருஷப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, உதவித்தொகையோடு. களத்தில் இறக்கிப் பழக்குவார்கள் என்பதால் அதை நான் உயர்வாக மதிக்கிறேன். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரில் இருக்கிறது.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன், அப்பாவுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அரசுப் பணியிடங்கள் குறைவு. டிஎன்பிஎஸ்சி தொல்லியல் அலுவலர் பணிக்கு வருஷா வருஷம் ஆள் எடுப்பதில்லை. யுஜிசி நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் ஆய்வுக் காலத்தில் தொடக்கத்திலேயே மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அதுவரை, அதாவது 23, 24 வயது வரை, வீட்டிலிருந்துதான் செலவு. எம்பிபிஎஸ் படித்தாலும் ஏறக்குறைய அதே வயதுதான் ஆகும் என்பதை அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு டாக்டர் மகன் சம்பாதிக்கும் அளவு இவன் சம்பாதிக்கமாட்டான். கடையில் கடன் இருந்தால், தங்கை படிப்பு பின்னால் வரிசையில் நின்றால், அதையும் பையனை உட்காரவைத்து எண்ணோடு சொல்லிவிடுங்கள். வீட்டு வரவுசெலவு தெரியாமல் எடுக்கும் முடிவைவிடத் தெரிந்து எடுக்கும் முடிவு உறுதியாக நிற்கும். பயப்பட ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: அரைகுறையாகப் படித்துவிட்டு நிற்பது. பட்டம் மட்டும் வாங்கியவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். மூன்று லிபி வாசித்து, இரண்டு பழைய மொழி தெரிந்தவரைத் தேடித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிரெஞ்சும் கற்றுக்கொள்ளட்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, கல்லூரிக் கோடை விடுமுறைகளில் தொடங்கலாம். நம் கோயில்களையும் ஆகமங்களையும் பற்றிப் புதுச்சேரியில் அச்சான பல நல்ல நூல்கள் பிரெஞ்சில்தான் இருக்கின்றன. ஒரு பாரிஸ் கண் மருத்துவர் தமிழ் கற்று ஆண்டாளை வாசித்தார். அவர் எழுதியதை வாசிக்கக் கும்பகோணத்துப் பையன் பிரெஞ்சு கற்பது ஒன்றும் அதிகமில்லை.

இப்போதைக்குச் செய்யவேண்டியது என்ன? இந்த வருஷம் நீட் எழுதட்டும். கட்டணம் கட்டியாகிவிட்டது, படிப்பும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, நடுவில் விட்டால் அது அவனுக்கே பின்னால் உறுத்தும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடையது. அதில் யாரும் கைவைக்கக்கூடாது. நீட் எழுத உச்ச வயது வரம்பு இப்போது இல்லை, ஆகவே இந்த மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்ற பயமும் வேண்டாம். தேர்வு முடிந்ததும் ஒரு வேலை கொடுங்கள்: தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் ஏற்கெனவே அச்சான ஒரு நீண்ட சோழர் கல்வெட்டை, அச்சைப் பார்க்காமல், கோயிலுக்குப் போய்ச் சுவரிலிருந்தே 30 வரி வாசித்து எழுதட்டும். பிறகு அச்சோடு ஒப்பிடட்டும். எத்தனை இடத்தில் தவறு என்பது எனக்கு முக்கியமில்லை. தவறைக் கண்டபிறகு திரும்பச் சுவருக்குப் போகிறானா என்று பாருங்கள். ஜூன் மாத வெயிலில் இரண்டாம் தடவை போனான் என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அப்பாவைப் பற்றி. அவரை என் அலுவலகத்துக்கு அழைத்துவந்து என்னைப் பேசச் சொல்லவேண்டாம். ஒரு ஞாயிறு காலை மகனோடு தாராசுரம் போய்வரச் சொல்லுங்கள். பாத்திரக் கடைக்காரர் அவர். அண்டாவில் பெயர் வெட்டும்போது ஓர் எழுத்து தப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா? கல்லில் வெட்டியவனுக்கும் அதே கவலை இருந்திருக்கும். பையன் காட்டுவதைப் பார்க்கட்டும், கருத்து எதுவும் சொல்லவேண்டியதில்லை.

நீட் முடிந்த அடுத்த வாரம் மூன்று பேரும் வாருங்கள். உங்கள் ட்யூட்டி எந்த ஷிஃப்ட் என்று முன்னாலேயே சொன்னால் அதற்கேற்ப நேரம் ஒதுக்குகிறேன். தம்பி அந்த நோட்டை மறக்காமல் எடுத்துவரட்டும். நான்காம் பக்கத்தில் வட்டம் போட்டிருக்கும் எழுத்தை நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்கும் பிடிபடவில்லை. அதற்குள் அவன் கண்டுபிடித்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.